பலகை சுமந்தவன் குறிப்புகள்: தடைக்காலத்து வடசென்னை

முதல் நாள்

கோயிலுக்கும் சாப்பாட்டுக்கும் தவிர வேறு எதற்கும் நான் ஊர் சுற்றியவன் இல்லை. இந்த முறை சென்னைக்கு வந்திருப்பது மூட்டை தூக்க. தங்கை ஊட்டச்சத்துப் படிப்பில் முதுநிலை இரண்டாம் ஆண்டு. வடசென்னையில் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டு, குழந்தையின் எடையும் நீளமும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கூடப் போய்க்கொண்டிருந்த தோழிக்கு அம்மை போட்டுவிட்டது. "அண்ணா, ஒரு அஞ்சு நாள் வா. எடை மெஷினை நான் தூக்கிக்கிறேன், பலகையை நீ தூக்கு" என்றாள். கும்பகோணத்தில் எனக்கும் பெரிதாக வேலை எதுவும் ஓடவில்லை. இரவு ரயில் பிடித்துவிட்டேன்.

பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இனி ஐந்து நாளும் அது என் தோளில்தான் இருக்கப்போகிறது. 2 வயது ஆகாத குழந்தையை நிற்கவைத்து உயரம் பார்க்க முடியாது. படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கு ஒரு நீள மரப்பலகை, தலைமாட்டில் அசையாத கட்டை, கால்மாட்டில் நகர்கிற கட்டை, ஓரத்தில் அளவுகோல். மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்தவர் "கீபோர்டா சார்?" என்றார். தண்டையார்பேட்டையில் இறங்கியதும் ஒரு பையன் "அண்ணே, கேரம் போர்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடினான்.

மெட்ரோ பாதை இந்தப் பக்கம் நீண்டது 2021 பிப்ரவரியில். "தென்னிந்தியாவுல மொத ரயிலே எங்க ராயபுரத்துலருந்துதான் சார் கெளம்புச்சு. மெட்ரோ மட்டும் கடைசியா வருது" என்றார் ஆட்டோக்காரர். அவர் சொன்னது சரிதான், அந்த முதல் ரயில் 1856இல். அவர் குரலில் இருந்த வருத்தம் போன வாரத்துக்கானது போல இருந்தது.

சாயங்காலம் காசிமேடு பார்க்கப் போனோம். நான் படங்களில் பார்த்திருக்கும் காசிமேடு கூச்சலும் ஐஸும் ஏலமுமாக இருக்கும். இன்று விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று தோள் உரச வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சில படகுகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிழலில் நாலு பேர் உட்கார்ந்து வலை கோத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை, அவை மட்டும் கொஞ்சம் போய்வருகின்றன. விற்பனைக்கு இருந்த பெரிய மீன்கள் கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தவை. அங்கே தடை ஜூன் இரண்டாம் வாரத்தில்தான் தொடங்குகிறது.

வஞ்சிரம் விலை கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

இரண்டாம் நாள்

கத்திரி முடியப்போகிறது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்கு அந்தத் தகவல் வந்து சேரவில்லை.

காலை ஒன்பதரைக்கு முதல் வீடு. காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் படியில் ஏறி நிற்க வேண்டிய சந்து. வீட்டில் ஆறு பேர். ஆயா, போட்டுக்கு (விசைப்படகு வேலைக்கு) போகிற மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி, நாலு வயதுப் பேரன், அப்புறம் ஒன்றரை வயதில் ஒரு பொடியன். மருமகள் விடிவதற்கு முன்பே பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கூட்டித் துடைக்கிற வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வது ஆயா.

உட்காரக்கூட இல்லை, பேத்தியைக் கடைக்கு விரட்டி எங்களுக்குக் கலர் வாங்கிவரச் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் பாட்டில். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார், குடித்தால் தொண்டையில் இறங்கவில்லை. இனி எந்த வீட்டிலும் வாசலிலேயே "குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க ஆயா" என்று முந்திக்கொள்வது என்று தங்கையும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

தங்கையின் படிவத்தில் ஒன்பது கேள்விகள். உலகத்தில் பல நாடுகளில் கேட்கப்படுகிற கேள்விகள்தான். எல்லாமே கடந்த 30 நாளைப் பற்றி. முதல் கேள்வி, வீட்டில் சாப்பாட்டுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா. அங்கிருந்து படி படியாக இறங்கும். பிடித்ததைச் சாப்பிட முடியாமல் போனதா, ஒரே மாதிரியே சாப்பிட வேண்டி வந்ததா, அளவு குறைந்ததா, வேளை குறைந்ததா. ஒன்பதாவது, ஒரு முழுப் பகலும் இரவும் எதுவும் சாப்பிடாமல் இருந்தீர்களா.

இதை வகுப்பறையில் படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, இப்போதுதான் நமக்குக் கலர் வாங்கித் தந்த ஒரு அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

"சோறு கீது பாப்பா. சோத்துக்கு இன்னா கொறை? ரேஷன்ல போடறாங்க இல்ல" என்றார் ஆயா. முதல் கேள்விக்கும் அதே பதில். இரண்டாவதுக்கும் அதே. நான்காவது கேள்வி வரும்போது ஆயாவுக்கே கொஞ்சம் அலுப்பு. "அதான் சொல்றேனே, சோறு கீதுன்னு."

பொய் ஒன்றும் இல்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். இந்த வீட்டு அட்டைக்கு 20 கிலோ. மூலையில் டிரம்முக்குள் இன்னும் இரண்டு படி அரிசி கிடந்ததை நானே பார்த்தேன். தமிழ்நாட்டில் இன்றைக்கு உலை வைக்க அரிசி இல்லாத வீடு என்பது அபூர்வம், அது சின்ன விஷயமும் இல்லை. என் பாட்டி காலத்துக் கதைகள் கேட்டவனுக்கு அது தெரியும்.

தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டாள். "நேத்து என்ன குழம்பு ஆயா?"

"ரசம்தான்."

"முந்தாநாள்?"

"முந்தாநாள் வெச்ச ரசம்தான் நேத்து. அதுக்கு மின்ன நாளு கருவாடு கொஞ்சம் இருந்துச்சு. கத்திரிக்கா போட்டு வெச்சேன்."

"முட்டை?"

ஆயா பேத்தியைப் பார்த்தார். பேத்திதான் பதில் சொன்னாள். "ஸ்கூல் லீவு விட்டதுக்கப்புறம் இல்ல."

அந்தச் சின்னப் பெண் சொன்னது எனக்குச் சட்டென்று புரியவில்லை. வெளியே வந்தபிறகு தங்கை விளக்கினாள். பள்ளி நடக்கிற நாளில் இந்தப் பெண்ணுக்குக் காலையில் பள்ளியிலேயே உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. மதியம் சத்துணவு, அதோடு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் இவ்வளவும் நின்றுபோகிறது. கடலும் அதே ஏப்ரலில்தான் மூடுகிறது. அப்பாவுக்கு வேலை இல்லாத நாளும் பிள்ளைக்குப் பள்ளிச் சோறு இல்லாத நாளும் ஒன்றாகவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. மீனுக்கு ஒரு காலண்டர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலண்டர், இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை போல.

அதுவரை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை இப்போது வீட்டுச் சட்டியில் பங்கு கேட்கிறது. வீட்டுச் சட்டியோ இந்த மாதத்தில்தான் மெலிந்து கிடக்கிறது. பேத்தி விரல் விட்டு எண்ணுகிறாள். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம். "திங்கக்கெழம உப்புமா" என்றாள். உப்புமாவை இப்படி எதிர்பார்த்து ஒரு குழந்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படகில் வேலைக்குப் போகிறவர் கூலியோடு வீட்டுக் குழம்புக்கும் மீன் கொண்டுவருவார். காரப்பொடி, நெத்திலி, சின்ன சங்கரா என்று ஏலத்தில் பெரிய விலை போகாதவை. அதற்குக் காசு கணக்கு கிடையாது என்பதால் யாரும் அதை வருமானமாகச் சொல்வதும் இல்லை. படகு நின்றால் அந்த மீனும் நின்றுவிடும். துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு 61 நாள் மீன் இல்லை.

அரசு தருகிற தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61ஆல் வகுத்துப் பார்த்தேன், நாளைக்கு 131 ரூபாய். அதில் 100 ரூபாய் சாயங்காலம் தண்டல்காரருக்குப் போகிறது. தண்டல் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காக: பத்தாயிரம் கடன் என்று பேச்சு, கையில் எண்ணிக் கொடுப்பது எட்டாயிரத்து ஐந்நூறு, 100 நாளைக்குத் தினமும் 100 ரூபாய் கட்ட வேண்டும். போன வருஷத் தடைக்காலத்தில் வாங்கிய கடனை அடைத்து முடித்து, இந்த வருஷம் புதிதாக ஒன்று எடுத்திருக்கிறார்கள். தண்டல்காரர் வருவது நிற்காது, வாடகை நிற்காது, சிலிண்டர் நிற்காது. குறைக்க முடிகிறது சாப்பாட்டில் மட்டும்தான். அதிலும் அரிசியைக் குறைக்க வேண்டியதில்லை. முட்டை, பால், பருப்பு, பழம், எண்ணெய். சத்தம் இல்லாமல் போகிறவை இவைதான்.

ரேஷனில் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நல்ல உதவி. ஆனால் மாதம் ஒரு கிலோ. ஆறு பேருக்கும் முப்பது நாளைக்கும் பங்கு போட்டால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை கிராம். இரவு அறைக்கு வந்து தங்கையின் சமையல் தராசில் ஐந்தரை கிராம் துவரம்பருப்பை நிறுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக் குழியை அது மூடவில்லை.

கடைசியில் தங்கை படிவத்தில் என்ன எழுதினாள் என்று கேட்டேன். குழம்பைக் கேட்டுவிட்டு மறுபடி கேள்விகளை எடுத்தபோது ஆயா மூன்றாவதற்கு "ஆமா" என்றார். ஐந்தாவதற்கு, அளவு குறைந்ததா என்பதற்கு, "எனக்கா, புள்ளைங்களுக்கா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்குள் இருந்த பதிலையும் தங்கை எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து ஒரு நண்பன் போன் செய்தான். "தமிழ்நாட்டுலயா? நம்ம ஊர்ல குழந்தைங்க எல்லாம் நல்லாதானடா இருக்கு" என்றான். நாட்டின் சராசரியோடு பார்த்தால் நாம் மேல்தான். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள நாலில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. ரத்தசோகை 100க்கு 57. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 51க்குக் கீழேதான் இருந்தது. இதெல்லாம் தங்கை சொல்லி நான் எழுதுவது, எனக்கு நேற்றுவரை தெரியாது.

இன்று அங்கன்வாடி. மே மாதத்தில் 15 நாள் விடுமுறை முடிந்து இப்போதுதான் திறந்திருக்கிறார்கள். ஒரே அறை, சுவரில் யானையும் மாம்பழமும் வரைந்திருக்கிறது. யானையைவிட மாம்பழம் பெரிது. அடுப்பில் சாம்பார் சாதம். முட்டை நாள் என்பதால் பிள்ளைகள் எல்லாம் அடுப்பைப் பார்த்தபடியே பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். இங்கே பெரிய பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை.

டீச்சர் நல்ல விவரமானவர். எனக்குப் பிடித்தது, அவர் எதையும் மூடிப் பேசவில்லை. 2 வயது நிறைந்த பிள்ளைகள் இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடும், அவர்களைப் பற்றி அவருக்குக் கவலை குறைவு. கண் முன்னாடி தட்டு காலியாகிறது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு வீட்டுக்குச் சத்துமாவு பாக்கெட் போகிறது. கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைமாவு, வெல்லம் எல்லாம் சேர்ந்த மாவு, நல்ல சத்து. "வூட்டுக்குப் போனா அது யார் வாயிலங்க போவும்? பெருசு ரெண்டு இருந்தா அதுங்க உருண்டை புடிச்சித் துன்னுடும். லீவுல ரெண்டே நாள்ல பாக்கெட் காலி" என்றார். அண்ணன் அக்காவுக்குப் பள்ளிச் சோறு இல்லாத மாதத்தில் தம்பியின் மாவு அவர்களுக்குப் போவதை யார் தப்பென்று சொல்வது?

அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம் பக்கத்து வழக்கம். வழியில் கடையில் கிரீம் பிஸ்கட் இருபது பாக்கெட் வாங்கிப் பையில் வைத்திருந்தேன். வாசலிலேயே தங்கை பார்த்துவிட்டாள்.

"எதுக்குண்ணா இது?"

"குழந்தைங்களுக்கு."

"இதைத்தான் குடுக்காதீங்கன்னு நான் ஒரு வருஷமா வீடு வீடா சொல்லிக்கிட்டிருக்கேன். நீ என் கூட நின்னுக்கிட்டு குடுத்தா எப்படி இருக்கும்?"

சொல்லிவிட்டு அவளே சமாதானமானாள். விஷயம் இதுதான். ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிறு அதன் கைப்பிடி அளவுதான். காலையில் டீயில் முக்கிய பொறை, பதினோரு மணிக்கு அழுகையை நிறுத்த ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று, மதியம் கரைத்த ரசம் சோறு. வயிறு நிறைந்துவிடும், குழந்தை சமர்த்தாகத் தூங்கும். உள்ளே போனது மாவும் சர்க்கரையும் தண்ணீரும். போதாக்குறைக்கு டீ, இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. 100க்கு 57 ஏன் என்று கொஞ்சம் விளங்கியது. ஆயாக்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அறுபது வயதில், முழங்கால் வலியோடு, மூன்று பேரைப் பார்த்துக்கொள்ளும்போது அழுகிற குழந்தைக்கு ஐந்து ரூபாயில் கிடைக்கிற அமைதி மலிவுதான். பொறுமையாக உட்கார்ந்து ஊட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் குழந்தையின் அம்மா பாரிமுனையில் யாருடைய மேஜையையோ துடைத்துக்கொண்டிருக்கிறார்.

பிஸ்கட் இன்னும் என் பையில் இருக்கிறது. இரவு பசித்தால் நான்தான் தின்ன வேண்டும்.

பதினொன்றரைக்கு நேற்றைய ஆயா பொடியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பலகையைத் தரையில் வைத்தேன். தலையை டீச்சர் பிடித்துக்கொள்ள, முழங்காலை நான் அழுத்த, தங்கை கால்மாட்டுக் கட்டையை நகர்த்தினாள். பொடியன் போட்ட சத்தத்தில் யானை சுவரிலிருந்து இறங்கியிருக்கும். 75.6 சென்டிமீட்டர். ஒன்றரை வயது ஆண் குழந்தைக்கு நடு அளவு 82. 77க்குக் கீழே போனால் வளர்ச்சி பின்தங்கிவிட்டது என்று கணக்கு.

"அவங்க அப்பன் குள்ளம்மா" என்றார் ஆயா.

இந்தப் பதிலை எல்லா வீட்டிலும் கேட்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தங்கை இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறாள். 1997இல் தொடங்கி சில வருஷம் உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. தாய்ப்பால் ஒழுங்காகக் கிடைத்த, வசதிக்குக் குறைவில்லாத வீட்டுக் குழந்தைகளை மட்டும். டெல்லிப் பிள்ளையும் நார்வேப் பிள்ளையும் முதல் ஐந்து வருஷம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தன. இப்போது உலகம் முழுக்கப் பயன்படுகிற வளர்ச்சி அட்டவணை அதிலிருந்து 2006இல் வந்தது. அப்பன் குள்ளமாக இருப்பதற்கு அப்பனுடைய ஒன்றரை வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆயாவிடம் அதை அவள் சொல்லவில்லை. அந்த அப்பனை வளர்த்ததும் இதே ஆயாதான்.

அப்புறம் கை நாடா. இடது மேற்கையின் நடுவில் சுற்றுகிற, சிவப்பு மஞ்சள் பச்சை அடித்த ஒரு நாடா. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை எல்லோருக்கும் ஒரே நாடா, ஒரே கோடு. எப்படி என்று கேட்டேன். நன்றாகச் சாப்பிடுகிற குழந்தைக்கு ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுவரை கை பெரிதாகத் தடிப்பதில்லை, நீளம்தான் போகும், அதனால் வயது சரியாகத் தெரியாவிட்டாலும் வேலை செய்யும் என்றாள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள். பொடியனுக்கு 12.3.

சிவப்பு இல்லை என்று நான் மூச்சு விட்டேன். தங்கை விடவில்லை. ஜனவரியில் இதே கை 13.1 என்று அவள் நோட்டில் இருந்தது. இதே வீடுகளுக்கு ஜனவரியிலும் அவள் போயிருக்கிறாள். அப்போது படகு ஓடிக்கொண்டிருந்தது, பள்ளியும் நடந்துகொண்டிருந்தது. ஒரே முறை போனால் போதும் என்றுதான் அவளிடம் சொல்லப்பட்டதாம். ஜனவரியில் மட்டும் போயிருந்தால் இந்தப் பொடியன் பச்சை.

டீச்சர் பதிவேட்டில் பெயரை ஏற்றி, நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். ஆயா "ஜொரம் கூட இல்லியேம்மா" என்றார்.

நான்காம் நாள்

தோள்பட்டை வலி. இன்று குறைவாகத்தான் எழுதுவேன்.

காலை கொருக்குப்பேட்டைப் பக்கம் நாலு வீடு. இரண்டு பூட்டியிருந்தது, ஒன்றில் குழந்தைக்குக் காய்ச்சல், ஒன்றில் மாமியார் மருமகள் சண்டை உச்சத்தில் இருந்தது. திரும்பிவிட்டோம்.

மதியம் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம், ஐந்து ரூபாய். எதிரில் ஒரு பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்தார். இங்கே பார்சல் கிடையாது, அதனால் பிள்ளைகளையும் இந்த வெயிலில் கூட்டிவர வேண்டும். ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், மொத்தம் எட்டு ரூபாய். தயிர் சாதத்தைப் பிசைந்து பெரியதுக்கு ஒரு வாய், சின்னதுக்கு ஒரு வாய். சாம்பார் சாதத்தில் இருந்த காயைப் பொறுக்கிச் சின்னதின் வாயில் வைத்தார். இரண்டும் போதும் என்று தலையை ஆட்டிய பிறகு மிச்சத்தை நின்றபடியே சாப்பிட்டார். நாலு வாய் இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் பெயரில் கல்லூரி இருக்கிறது, மெட்ரோ நிலையமும் இருக்கிறது. 1920இல் அவர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சிதான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முதன்முதலில் தீர்மானம் போட்டது. ஆயிரம்விளக்கில் ஒரு பள்ளியில் தொடங்கினார்கள். காமராஜர் 1956இல் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக்கினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, இன்னமும் கோடை லீவுக்கு யாரும் வழி சொல்லவில்லை என்பது நடந்துகொண்டே எனக்குத் தோன்றியது. சத்துணவுக்கூடத்துப் பாத்திரம் எல்லாம் மே மாதம் கவிழ்ந்துதானே கிடக்கிறது?

சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா கடையில் அத்தோ, வாழைத்தண்டு சூப். பயணக் கட்டுரை என்று சொல்லிவிட்டு ஒரு கடையாவது சொல்லாவிட்டால் எப்படி. பூண்டு தூக்கலாக, காரமாக, நன்றாக இருந்தது. முட்டை உடைத்து மசாலா வைத்துத் தந்தார்கள். முட்டையைக் கண்டதும் அந்தப் பேத்தியின் ஞாபகம் வந்தது. அதற்காகச் சாப்பிடாமல் இல்லை, சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை. மருமகள் வீட்டில் இருப்பார் என்று மறுபடி அந்த வீட்டுக்கே போனோம். இரவு எனக்கு ரயில்.

சந்து முனையிலேயே குழம்பு வாசனை. ஆயாவின் தம்பி ஃபைபர் படகில் போய் வந்தவர், இரண்டு கை நெத்திலி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாங்காய் போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் சாப்பிட்டுவிட்டோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் பொய் சொன்னோம்.

மருமகள் இருபத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார். டாக்டரிடம் நேற்றே காட்டிவிட்டார், அரை நாள் சம்பளம் பிடித்தம். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து சிரப்பும் கொடுத்து, சாப்பாட்டைக் கெட்டியாக, அடிக்கடி கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "கெட்டியான்னா எப்டிக்கா?" என்று தங்கையிடம் கேட்டார்.

தங்கை புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு கிண்ணம். கரைக்காத சூடான சோறு, கரண்டியால் நன்றாக மசித்து. நெத்திலியில் முள்ளை எடுத்துவிட்டு நாலு மீனின் சதை. குழம்பின் காரம் வேண்டாம் என்று கொஞ்சமாக மேலே தெளிந்தது. அதன்மேல் ரேஷன் பாமாயில் ஒரு சின்னக் கரண்டி. எண்ணெயைப் பார்த்ததும் ஆயா, "இருமல் புடிக்கும்" என்று தடுத்தார். "புடிக்காது ஆயா. அவன் வயித்துல இடம் கொஞ்சம்தான் இருக்கு. அந்த எடத்துல தண்ணி போனா வெறும் தண்ணி, எண்ணெய் போனா தெம்பு" என்றாள். கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினாள். "சாய்ச்சா ஓடக் கூடாது. கரண்டியிலேயே நிக்கணும். அவ்ளோதான் அளவு." மீன் இல்லாத நாளில் பருப்பு, அதுவும் இல்லாத நாளில் வேர்க்கடலையை வறுத்துப் பொடித்து. சத்துமாவு பாக்கெட்டை மேல் பரணில், அக்காவுக்கு எட்டாத இடத்தில். இந்தக் கடைசியைச் சொல்லும்போது அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஸ்கூல் தொறக்கறவரைக்கும்தான்டா" என்றாள்.

பொடியன் முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதையும் துப்பினான். மூன்றாவது வாய் உள்ளே போனது, அப்புறம் கிண்ணம் பாதி காலியாக இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகளும் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து இந்த இருபத்தைந்து நிமிஷம் ஆயாவுடையது.

குழம்பில் மீதியிருந்த மீன் எப்படிப் பங்காயிற்று என்றும் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. பேத்திக்கு, பேரனுக்கு, வலை வேலைக்குப் போயிருக்கும் மகனுக்கு மூடி வைத்தது, மருமகளுக்கு ஒரு கரண்டி. ஆயாவின் தட்டில் மாங்காய்.

கிளம்பும்போது எடை மெஷினைப் பையில் போடப் போனேன். "தம்பி, இரு. நானும் ஏறிப் பாக்கறேன்" என்று ஆயா செருப்பைக் கழற்றினார். பேத்தி கை பிடித்து ஏற்றிவிட்டாள். 36.2. தங்கையின் படிவத்தில் குழந்தைக்கு ஒரு கட்டம், தாய்க்கு ஒரு கட்டம். ஆயாவுக்குக் கட்டம் இல்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"கூட கீதா, கொறைச்சலா கீதா?" என்றார் ஆயா.

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆயா அதற்குள் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பதினஞ்சாம் தேதிக்கு அப்பால போட்டு தொறந்துரும். ஒரு வாரம் கழிச்சி ரெண்டு பேரும் வாங்க, சங்கரா வாங்கிக் கொழம்பு வெக்கறேன். தம்பி, வரச்சொல்ல அந்தப் பலகைய மட்டும் எடுத்துகினு வராத. புள்ள ராத்திரில்லாம் முழிச்சிகினு அழுவுது."